கொசுவின் தம்பிக்கு ஏறிய எண்

ஆய்வகத்தில் அவளுக்குக் கொசு என்று பேர். பதினாறு வருடமாக ஊராரின் ரத்தத்தை உறிஞ்சுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவளும் கோபித்துக்கொள்வதில்லை. குத்தியதே தெரியாமல் எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு அவளுக்கு உண்டு.

ஆனால் மூன்று மாதமாகக் கொசுவுக்குத் தூக்கம் போயிற்று. தம்பியின் மூளையில், ஒரு ரத்தக்குழாயில், மிளகளவு ஒரு புடைப்பு. தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தபோது அகப்பட்டது. சின்னதுதான், கவனித்துக்கொண்டிருக்கலாம் என்றார் மூளை டாக்டர். இப்படிப் புடைப்பு உள்ளவர்களை வைத்து அவர் ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தார். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து, உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ஏறுகிற எண்ணைப் பார்ப்பார். தம்பியையும் அதில் சேர்த்துக்கொண்டார். ரத்தம் எடுப்பதும் அக்காதான், மெஷினில் போடுவதும் அக்காதான்.

முதல் மாதம் மூன்று. அடுத்த மாதம் பதினொன்று. இந்த மாதம் இருபத்திரண்டு. ஐந்தைத் தாண்டக் கூடாத எண் அது. கொசு மெஷினைத் திட்டித் தீர்த்தாள், மறுபடி ஓட்டினாள். மெஷின் மசியவில்லை.

"புடைப்பு அப்படியேதான் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா இந்த அழற்சி எங்கேருந்து வருதுன்னு தெரியல. குழாய்ச் சுவர்லயே இருந்தா, சும்மா காத்திருக்க எனக்குத் தைரியம் இல்ல. ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும். வேற எங்கயாவது வலி, புண்ணு, காய்ச்சல்?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். வேணும்னா மண்டையைத் தொறந்துருங்க," என்றான் தம்பி, ஏதோ ஜன்னலைத் திறக்கச் சொல்வதுபோல. இருபது மாடி லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டே பழுது பார்க்கிறவன் அவன். பயம் கிலோ என்ன விலை என்று கேட்பான்.

பயமெல்லாம் கொசுவுக்குத்தான். அவனைக் கேண்டீனுக்கு இழுத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். தம்பி டீயை ஆற வைத்தான். பிஸ்கட்டை அதில் ஊறவைத்துக் கூழாக்கி, தலையைச் சாய்த்து, இடது பக்கமாகவே மென்றான்.

"வாயைத் தொற."

"எதுக்கு?"

"தொறடா!"

வலது பக்கம் மேலே, கடைசிக்கு முந்தின பல். சுற்றிலும் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நாற்றம் வேறு.

"எத்தனை மாசமாடா?"

"மூணு இருக்கும்."

"அறிவு கெட்டவனே! டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல? மண்டையைப் பொளக்கச் சம்மதம், பல்லைப் புடுங்கச் சம்மதம் இல்லையா?"

தம்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மேல் பல்லைப் புடுங்கினா மூளைக்குப் போற நரம்பு அறுந்துடும்னு நீதானேக்கா சொன்ன? ஏற்கெனவே உள்ள ஒண்ணு வீங்கிக் கிடக்கு. இழுத்த இழுப்புல அது வெடிச்சிட்டா?"

கொசு சொன்னதுதான். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. ஆடிய பல்லைக் காட்டி அவன் பெருமையடித்துக்கொண்டிருந்தான். பொறாமையில் அள்ளிவிட்ட புளுகு அது. அந்தப் புளுகுதான் மாதாமாதம் மெஷினில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, பல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பல் போயிற்று. புடைப்பு வெடிக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து மெஷின் நான்கு என்று காட்டியது. ஆபரேஷன் பேச்சை ஒத்திவைத்து, பழையபடி கவனித்துக்கொண்டிருக்கலாம் என்றார் டாக்டர்.

"இனிமே ஒண்ணும் ஆகாதுடா," என்றாள் கொசு.

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இது நிஜமா, இல்ல அந்தப் பல்லு மாதிரியா?"

 அவனிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்ல அவளால் முடியாது.

"தெரியலடா," என்றாள். "அடுத்த மாசமும் வா. பார்த்துச் சொல்றேன்."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வரேன்," என்றான்.