பொட்டலத்துக்குப் பன்னிரண்டு நாள்

எங்கள் நாய்க்குட்டி மூன்று முறை காரில் ஏறியது. மூன்று முறையும் வாந்தி எடுத்தது. மூன்றாம் முறை, இறக்கிவிடுவதற்காக நான் தூக்கும் வரை காத்திருந்து என் சட்டையில் எடுத்தது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததால் அதற்குப் பொட்டலம் என்று பெயர்.

எனக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றலாகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காரில் ஏழு மணி நேரப் பயணம். கீழ்வீட்டுத் தையல்காரர் பொட்டலத்தை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். அதற்கென ஒரு கிண்ணமும் வாங்கிவிட்டார்.

"மாஸ்டரம்மா, குட்டிய இங்கேயே விட்டுட்டுப் போங்க. ராஜா மாதிரி பாத்துக்கறேன்."

"பன்னெண்டு நாள் பாக்கறேண்ணே" என்றாள் என் மனைவி. "அதுக்குள்ள சரியாகலன்னா உங்ககிட்டதான். வதைச்சு இழுத்துட்டுப் போக மாட்டேன்."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் நடத்தும் ஓட்டுநர் பள்ளிக்கு ஆசிரியரும் ஒருவரே, காரும் ஒன்றே. அந்தக் காரில் ஓட்டுநரின் பக்கத்து இருக்கைக்கு முன்னும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்பவர் தடுமாறினால் கற்பிப்பவர் நிறுத்திவிடலாம். பின்னால் வருவதைப் பார்க்க அந்த இருக்கைக்கென்று தனியே ஒரு சிறு கண்ணாடியும் உண்டு. பதினோராண்டுகளில் அவளிடம் பயின்ற எவரும் முதல் நாள் சாவியைத் தொட்டதில்லை. பொட்டலத்துக்கும் அதே விதி.

முதல் நாள் நின்ற காரின் கதவுகளை எல்லாம் திறந்துவைத்தாள். பின்னிருக்கையில் ஒரு கூடையைக் கட்டி, அதில் குட்டியின் பழைய துண்டை விரித்தாள். பக்கத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்தாள். குட்டி ஏறியது, முகர்ந்தது, இறங்கியது. அவள் கூப்பிடவில்லை. இரண்டாம் நாள் உணவை அங்கேயே வைத்தாள். மூன்றாம் நாள் கதவுகளை மூடினாள். நான்காம் நாள் இன்ஜின் மட்டும் ஓடியது. ஐந்தாம் நாள், மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி, ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து, தானே மூன்று வீடு தள்ளி ஓட்டிப் போய்த் திரும்பினாள். ஆறாம் நாள் அவளே ஓட்ட, கடைத்தெரு வரை போனோம், குட்டி தூங்கியது. இவ்வளவு பொறுமையை நான் எங்கும் கண்டதில்லை; எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதும் கண்டதில்லை.

எவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது என்பது அவளுடைய இன்னொரு விதி. ஆகவே பயணத்தில் நானும் ஓட்டியாக வேண்டும். ஏழாம் நாள் நான் ஓட்ட, அவள் பக்கத்தில் அமர்ந்தாள். இரண்டாவது திருப்பத்துக்கு முன்பே வாந்தி.

"மெதுவா ஓட்டுங்கன்னா கேக்கறீங்களா?"

"சைக்கிள்காரன் நம்மள முந்திட்டுப் போறான். இதுக்கு மேல மெதுவாப் போகணும்னா இறங்கித் தள்ளணும்."

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அப்படியே. தையல்காரர் கிண்ணத்தைக் கழுவி வாசலில் கவிழ்த்துவைத்திருந்தார். அவள் அதைப் பார்க்காமல் படியேறினாள்.

பத்தாம் நாள் தன் சிறு கண்ணாடியைக் கூடையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சற்று தூரத்தில் ஒரு குப்பை வண்டி நின்றது. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்; பிரேக்கை இன்னும் தொடவில்லை. கார் வெடுக்கென்று குலுங்கியது. கூடைக்குள் குட்டி முன்னே சரிந்தது.

"பிரேக் போட்டீங்களா?"

"இல்லியே."

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் பெடலின் மேல் இருந்தது.

எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கால் அது. அவளைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ததில்லை. நான் ஓட்டும்போதெல்லாம் வந்த அந்தக் குலுக்கலை நான் பழைய வண்டியின் குணம் என்றே எண்ணியிருந்தேன்.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். "நாந்தாங்க. குட்டி மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல."

இந்த வாக்கியத்தின் பிற்பகுதிக்காக நான் பல ஆண்டுகள் காத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் அதைக் கொண்டாடத் தோன்றவில்லை.

"கால மடக்கி உக்காந்துக்கயேன்."

"இது என் பேச்சக் கேக்கற கால் இல்லங்க."

இறங்கிப் போய்க் கூடைக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். நான் ஓட்டும்போது அவள் பின்னிருக்கையில் அமர்ந்தது அதுவே முதல் முறை. கடைத்தெருவைத் தாண்டிப் பாலம் வரை போய்த் திரும்பினோம். துண்டு நனையவில்லை. மறுநாள் இன்னும் தூரம் போனோம், அன்றும் நனையவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் தையல்காரர் கிண்ணத்தை ஜன்னல் வழியே நீட்டினார்.

"வெச்சுக்குங்க மாஸ்டரம்மா. இதுல நானா தண்ணி குடிக்கப் போறேன்?"

வழியில் நிறுத்திய இடங்களில் எல்லாம் அந்தக் கிண்ணத்தில்தான் தண்ணீர் வைத்தோம். நான் ஓட்டிய நேரம் முழுவதும், முன்னே லாரி தென்படும்போதெல்லாம், பின்னால் ஒரு கால் தரைவிரிப்பை அழுத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கை கதவின் மேல்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றக் கை, தூங்கும் பொட்டலத்தின் முதுகில் அசையாமல் இருந்தது.