யார் வைத்த பேர்?

மூன்று வாரமாக ஜெபினாவின் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருகிறது. கேட்டால் "நாட் ஹங்க்ரி" என்கிறாள். பதின்மூன்று வயதில் பசிக்காதாம்! யாருக்குக் காது குத்துகிறாள் இவள்?

கேரல் ப்ராக்டிஸ் என்றால் வயிற்றுவலி வேறு. போன சனிக்கிழமை எங்கள் அமெரிக்க ஊரான ஆலனின் சர்ச் ஹாலுக்குள் நுழையும்போதே காதில் விழுந்தது: "டூ பீப்பிள் இஸ் ஹியர்!" கூடவே சிரிப்பு. என் பெண் ஸ்வெட்டரை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சந்தேகமெல்லாம் கூடவே கேரல் பாடும் ஜோவானா மேல்தான். ஒல்லிக்குச்சி. என்னைக் கண்டதும் போனை மறைக்கிறாள். "ஹாய் ஆன்ட்டி" என்று அவள் இழுப்பதே நடிப்பு. நான் பக்கத்தில் போனால் மற்ற பிள்ளைகளும் கப்சிப். என் கணவர் சைலஸ், "பசங்க விளையாட்டு, விடு அமலி" என்றார். விடுவதா? நானா?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபினாவைக் காரில் உட்காரவைத்துவிட்டு, பார்க்கிங் லாட்டில் ஜோவானாவை மடக்கினேன்.

"என் பொண்ணுக்குப் பட்டப்பேர் வெச்சது நீதானே? பொய் சொல்லாதே. போனைக் காட்டு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இல்ல ஆன்ட்டி. ஸ்டாப் பண்ணுங்கன்னுதான் சொன்னேன்" என்று போனை நீட்டினாள்.

எங்கள் கேரல் வாட்ஸ்அப் குரூப்தான். எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி பட்டுப்பாவாடை சட்டை தைக்க, சென்னை டெய்லருக்கு அனுப்பும் அளவுகளை நான்தான் அதில் பட்டியல் போட்டிருந்தேன். பிள்ளைகளும் அதே குரூப்பில் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. கடைசி வரியும் நான் எழுதியதே: "நம்ம ஜெபினாவுக்கு மட்டும் ரெண்டு பேர் துணி வேணும்." பக்கத்தில் மூன்று சிரிப்பு பொம்மைகள். மற்ற அம்மாக்கள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிட்டால் தேவலை என்று நினைத்திருக்கிறேன், பாவி. கீழே யாரோ அதை 'டூ பீப்பிள்' என்று இங்கிலீஷில் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"சாரிம்மா" என்று ஜோவானாவிடம் சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினேன். வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. ஜெபினா பக்கம் திரும்பினேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

"யா. டே ஒன்லேர்ந்தே."

"ஏன்டி செல்லம், என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஜெபினா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானேம்மா ஃபர்ஸ்ட் சிரிச்சே."