மாதுளைத் தோலும் தலைவர் தாடியும்

ஜூஸ் ஆலைக்காரன் மாதுளையைப் பிழிந்துவிட்டுத் தோலை எங்கள் தெருமுனையில் கொட்டுவான். அதை அள்ளிவந்து முற்றத்து அண்டாவில் வேகவைத்து, எங்கள் மர்கிலான் ஊர்ப் பட்டு நெசவாளிகளுக்குச் சாயம் விற்கிறேன். புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன்; ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை. வீட்டில் உலை கொதிப்பதே இந்தத் தோலால்தான். தோல் குப்பையாகக் கிடந்தவரை தெருக்கமிட்டித் தலைவர் துர்குன்பாய் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. நான் நாலு காசு பார்த்ததும் நாறத் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை வந்தார். வெள்ளைத் தாடி மார்புவரை தொங்கியது.

"ஏம்மா ஒய்தின், நாளைக்குத் தொழுகை முடிஞ்சதும் ஆளுங்களோட வருவேன். அண்டாவைக் கவுத்துடுவோம். நீயே கவுத்துட்டா மரியாதை."

"டீ குடிச்சிட்டுத் திட்டுங்க, பெரியப்பா."

வந்த வீட்டில் டீ குடிக்காமல் சண்டை போட அவருக்கும் வராது. உட்காருமுன், ஆறிக்கிடந்த அண்டாவில் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார்.

"இந்தச் சாக்கடையையா பட்டுல பூசுறாங்க?"

மூலையில் இருந்த கூஜாவைச் சாய்த்துக் கை கழுவினார். அது துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த தண்ணீர். மாதுளைச் சாயத்தில் அது பட்டால் கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். சொல்ல வாய் திறந்தேன்.

"நீ பேசாதே" என்றார்.

சரி, பேசவில்லை.

உட்கார்ந்ததும் வழக்கப்படி கையேந்தி துஆ ஓதினார். "ஓமின்" என்று முடித்து, ஈரக் கையால் நெற்றியிலிருந்து தாடி நுனிவரை தடவினார். நான் டீ ஊற்றி முடிப்பதற்குள் தாடியில் பத்து விரலும் கறுப்புக் கோடாக விழுந்திருந்தன. கண்ணாடியை நீட்டினேன்.

"அழிச்சு விடு."

"பட்டுலேருந்தே போகாது. தாடியில எங்க போகும்?"

"நாளைக்குப் பள்ளிவாசல்ல எப்படி நிப்பேன்?"

"மழிச்சிடுங்க."

பார்வையாலேயே என்னைப் புதைத்தார். பிறகு குரல் இறங்கியது.

"மிச்சத்தையும் கறுப்பாக்க முடியுமா?"

என் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அந்தச் சாக்கடைக்கே தாடியைக் கொடுத்தார். எழுந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. அண்டாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தது. வாசலில் காலடிச் சத்தம். அண்டாவை மறைத்துக்கொண்டு நின்றேன். பயம்தான், பொய் சொல்வானேன்.

தலைவர் முன்னால் வந்தார். பின்னால் தெருவிலுள்ள கிழவர்கள் அத்தனை பேரும், ஆளுக்கொரு துண்டுடன் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"வரிசையா வாங்கய்யா" என்று அதட்டினார் துர்குன்பாய். "அண்டா கவுந்துடப் போகுது."