கூட்டுகிறவளுக்கு விடுதலை

ஆராதனை முடிந்து அரை மணியாகியும் ஒருத்தரும் எழுந்தபாடில்லை. பின்கட்டக்கா துடைப்பத்தோடு கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்றாள். பதினோரு வருடமாக இந்த ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவள். ஆலயத்தின் பின்னறையில் குடியிருப்பதால் அந்தப் பெயர். அறை வேலையோடு வந்தது. பக்கவாதம் வந்த புருஷன் அங்கேதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான்.

முன்னால் டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆணும் பெண்ணும் சமம் என்று மூன்று வாரமாகச் சபைக்கு வகுப்பு எடுக்கிறாள்.

"பொம்பளைங்க தலையில மட்டும் கட்டுற வேலை என்னென்ன? கூச்சப்படாம சொல்லுங்க."

சமையல் என்றார்கள். பிள்ளை வளர்ப்பது, பாத்திரம் கழுவுவது என்றார்கள். அப்புறம் சபைச் செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஊரையே ஏன் சொல்லணும்? நம்ம கோயிலையே பாருங்க. சாவிக்கொத்து ஆம்பள கையில, தொடப்பம் பொம்பள கையில."

எல்லாத் தலைகளும் திரும்பின. பின்கட்டக்கா துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"குனிஞ்சு குனிஞ்சு அக்காவுக்கு இடுப்பே போச்சு. நாம ஒருநாளாவது கேட்டிருக்கமா?" என்றாள் டீச்சர்.

பின்கட்டக்காவின் இடுப்பைப் பற்றி இதுவரை யார் பேசியிருக்கிறார்கள்? நீளக்கம்பு வைத்த துடைப்பான் ஒன்று வாங்கித் தருவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமையிலேருந்து ஆம்பளைங்க நாங்க முறை போட்டுக் கூட்டுறோம். அக்காவுக்கு இன்னையோட விடுதலை," என்றார் செயலாளர்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. பின்கட்டக்காவும் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

"பின்னாடி ரூமும் சும்மாதானே ஆகுது? நம்ம பொம்பளைங்க கூடிப் பேச ஒரு எடம் வேணும்னு கேட்டுட்டே இருந்தீங்களே, டீச்சர்," என்று செயலாளர் தொடர்ந்தார்.

டீச்சர் நெகிழ்ந்துபோய்க் கையைக் குவித்தாள்.

"ஐயா," என்றாள் பின்கட்டக்கா. "ரூம்ல அவரு படுத்திருக்காருங்க."

"தெரியும்மா. இன்னைக்கே காலி பண்ணுங்கன்னா சொல்றோம்? மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோங்க." போதகர் எப்போதும் போல் இதமாகத்தான் சொன்னார்.

அவள் நடைபாதைக்கு வந்தாள். "நானே கூட்டுறேங்க. எனக்கு இடுப்பு வலியெல்லாம் ஒண்ணுமில்ல. யாரோ சும்மா சொல்லிட்டாங்க. இந்தா பாருங்க." குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்துக் காட்டினாள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? எப்படிப் பழக்கி வச்சிருக்கோம் பாருங்க. விடுதலை குடுத்தாகூட வேணாங்குறாங்க. இதுக்குத்தான் இந்த வகுப்பே."

பல பேர் ஆமாம் என்று தலையசைத்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"ஜெபிப்போம்," என்றார் போதகர். பெஞ்சுகள் கிறீச்சிட எல்லோரும் எழுந்து கண்களை மூடிக்கொண்டார்கள். எங்கள் சகோதரிகளை நிமிர்ந்து நிற்கச் செய்தீரே, உமக்கு ஸ்தோத்திரம் என்று அவர் ஆரம்பித்தார்.

பின்கட்டக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவாறே ஒரு கையால் பெஞ்சின் காலைத் தேடிப் பற்றினாள். நிமிர முடியவில்லை. சுற்றிலும் பாலிஷ் போட்ட செருப்புகளும் ஷூக்களும்தான் தெரிந்தன. ஜெபம் நீண்டுகொண்டே போனது.