கடலடிக் கேபிளில் காயும் சேலைகள்

இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கக் கடலுக்கடியில் போட்ட புதுக் கேபிள், தை பிறந்தும் விடாத மழையில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வரிசை வீடுகளான மேல்லயத்துக்குப் பின்னால், பாக்கியலெட்சுமியின் போஞ்சிப் பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே மண்ணைக் கீறிக்கொண்டு மேலே வந்தது. கைத் தடிமன், நல்ல கறுப்பு, அங்கங்கே சிப்பி ஒட்டியிருந்தது. தலையுயரத்துக்கு எழும்பிக் கொஞ்ச தூரம் போய், கொய்யா மரத்தடியில் மறுபடி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கொழும்புக் கரையோடு நிற்கவேண்டிய கேபிளுக்குக் கடலே தெரியாத மலையில் என்ன வேலை என்று லயத்தில் யாரும் கேட்கவில்லை. வரவேண்டிய ரோடும் வரவேண்டிய வீடும் சொன்ன காலத்தில் வந்து சேராத ஊர் அது; கேட்காத ஒன்று தானாக வந்தால் அதைக் குறுக்குக் கேள்வி கேட்டு விரட்டுவானேன்? உறுதியான சாமான், தோதான உயரம். மறுநாளே அதில் துணி காயப்போட்டார்கள்.

துணி காய்ந்தது. அதுதான் அதிசயம். மழை மாதங்களில் மேல்லயத்தில் எந்தத் துணியும் காய்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் அடுப்புக்கு மேல் தொங்கிப் புகைநாற்றம் பிடிக்கும். பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்கு, நேற்றைய ஈரத்தோடே இன்றைக்கும் ஏறும். கேபிளில் போட்ட துணியோ பனிமூட்டத்துக்குள் மறைந்து, சற்று நேரத்தில் மொடமொடவென்று, வேற்றூர் வெயிலின் சூட்டோடு திரும்பி வந்தது. மடிப்புகளில் உப்புப் பரல்கள் இருந்தன. எங்கே போய்க் காய்கிறது என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. காய்ந்த படங்கை இடுப்பில் கட்டும்போது உடம்பெல்லாம் குளிர்ந்து போகிற நன்றி ஒன்று வரும். அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் பெண்கள் கேபிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடினார்கள்.

ஒரு சாயங்காலம் பாக்கியலெட்சுமி போட்ட மஞ்சள் சேலை வரவில்லை. அந்த இடத்தில் வெளுத்துப்போன சாம்பல் நிறச் சேலையொன்று கிடந்தது. யார் வீட்டுடையதோ என்று ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரே கொடியில் எல்லார் துணியும் காய்கிற இடத்தில் சண்டை வராமலிருக்க, அந்த லயத்தில் ஒற்றையறை வீடான ஒவ்வொரு காம்பராவும் துணியோரத்தில் தன் தையலைப் போட்டு வைக்கும். அவள் பிறந்து வளர்ந்த நாலாம் காம்பராவுக்கு நீல நூலில் பெருக்கல் குறி, அதன் வாலில் ஒரு தையல் கூடுதல். அந்தக் கூடுதல் தையல் அம்மாவின் கை தவறி விழுந்தது. மகள்கள் இரண்டு பேரும் அதையே சரியென்று படித்துக்கொண்டார்கள். சாம்பல் சேலையின் ஓரத்தில் நீல நூல் இருந்தது. வாலில் அந்தத் தவறும் இருந்தது.

அக்கா விஜயலெட்சுமி, கல்யாணமான கையோடு, மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்ததால் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவள். இரண்டு கடிதம் வந்தது. அதற்குள் நாட்டில் சண்டை மூண்டது, கப்பல் நின்றது, அக்காவின் விலாசமும் மாறிவிட்டது. பாக்கியலெட்சுமி எழுதியதெல்லாம் திரும்பி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா பேரில் ஒரு சேலை எடுப்பாள். உயிரோடிருப்பவளுக்கு எடுத்து வைப்பதா, செத்தவளுக்குப் படைப்பதா என்பதுதான் தெரியாது. தெரியாமலே பெட்டிக்குள் வைத்துவிடுவாள். நாற்பது வருசமாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி அது ஒன்றுதான்.

போஞ்சிப் பாத்தியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகைக்குப் புருசன் இராமையா கத்தியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னா புள்ள, பாம்பு கடிச்சிருச்சா?"

"அக்கா இருக்கு. உசுரோட இருக்கு."

அன்றைக்கே பெட்டியைக் கவிழ்த்து, பொங்கல் சேலைகள் அத்தனையையும் ஒரேயடியாகக் கேபிளில் போட்டாள். சந்தோசத்தில் யார்தான் கணக்குப் பார்ப்பார்கள்? கேபிள் தாங்கவில்லை. கொழும்பிலிருந்து சென்னைக்குப் பேசியவர்களுக்கு யாரோ சேலை உதறுகிற சத்தம் மட்டுமே கேட்டது. ஒரு வங்கியின் கணினித் திரைகளிலெல்லாம் பூப்போட்ட முந்தானை தெரிந்தது. கம்பெனி, சேந்தன் என்ற யாழ்ப்பாணத்து இஞ்சினியரை, மேலே கிளம்பி நிற்கும் துண்டை அறுத்து ஒட்டிவிட்டு வரும்படி அனுப்பியது. பதுளையில் இறங்கி, ஆட்டோ ஏறமாட்டாத இடத்தில் நடந்து, தெப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இது? கேபிளிலை உடுப்புக் காயப்போட்டிருக்கிறியள்?"

"தோதா இருந்துச்சுங்க தம்பி. மொதல்ல சட்டையக் கழட்டுங்க, காச்சல் வந்துரும்."

அறுக்க வந்த ஆளென்று தெரிந்தும் துவாய் கொடுத்தாள், பாலில்லாத தேத்தண்ணியான சாயத்தண்ணி ஊற்றி உள்ளங்கையில் சீனியும் வைத்தாள். அவருடைய சட்டையைக் கேபிளில் போட்டாள். சேந்தன் சாயத்தண்ணியைக் குடித்து முடிக்குமுன் சட்டை காய்ந்து வந்தது. கொழும்பில் தனிக்கட்டையாக இருந்த அந்த மனுசன் மாதக்கணக்கில் பொத்தானில்லாமலே போட்டுத் திரிந்த சட்டை அது. இப்போது பொத்தான் இருந்தது, நீல நூலில்.

"இது ஆர் தைச்சது?"

"எங்கக்கா."

"அவ எங்கை இருக்கிறா?"

"அதாங்க தெரியல. இதுக்கு அந்தப் பக்கம். நீங்க அறுத்துட்டா நான் மறுபடி எங்க போயித் தேடுவேன் தம்பி?"

சேந்தன் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார். பிறகு மேலதிகாரிக்குப் போன் எடுத்து, கடலடிக் கேபிளுக்குக் கொஞ்சம் தொய்வு வேண்டும், இதற்கான தொய்வு இங்கேதான் கிடக்கிறது, அறுத்தால் கடலில் தெறிக்கும் என்று சொன்னார். கம்பெனி ஏற்றுக்கொண்டது. லயத்துக்கு அவர் ஒரே ஒரு சட்டம் போட்டார்: கம்பளி போடக்கூடாது, சேலை ஒவ்வொன்றாக. புண்ணியவான், அவர் பேரில் மாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் தேங்காய் உடைக்கிறார்கள்.

அந்த வாரமே முந்தானை முடிச்சில் உப்புக்கல் ஒன்றும் போன் நம்பரும் வந்தன. அக்கா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறாளாம். அவள் வீட்டுக்குப் பின்னாலும் கேபிள் கிளம்பியிருக்கிறதாம். போனில் இருவராலும் "சாப்டியா?" என்று கேட்டு அழத்தான் முடிந்தது. அழுது காசைக் கரைப்பதைவிடத் துணியே தேவலை என்று விட்டுவிட்டார்கள். கடலைத் தாண்டி ஒருத்தியை ஒருத்தி நேரில் பார்க்க இன்னும் வழி பிறக்கவில்லை. ஆனால் அக்கா நேற்றுக் கட்டிய சேலையைத் தங்கை இன்றைக்குக் கட்டுகிறாள், தங்கை அவிழ்த்ததை நாளைக்கு அக்கா.

காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் பக்கத்துக் காம்பராத் தயானி, எல்லாரும் கேட்பதுபோலத்தான், கேட்பாள்:

"பெரியம்மா, ஒங்க அக்கா சொகமாங்க?"

பாக்கியலெட்சுமி முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"சொகந்தான். நேத்து சாள மீன் பொரிச்சிருக்கு."