எபினேசர் கட்டிய மென்பொருள்

பக்கவாதம் வந்து எபினேசர், கம்பெனி பைக் ஸ்டாண்டில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சரிந்து விழுந்தது ஆடி மாதத்தில். சர்வர் கருகிப்போனது ஐப்பசி மழையில், இடி விழுந்து. இடைப்பட்ட காலத்தில் கனகலட்சுமி அந்த மென்பொருளைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எபினேசரின் நாற்காலி காலியாக இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வல்லம் வடகாலில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் நடுத்தரக் கம்பெனி அது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.சி.ஏ. முடித்துவிட்டு வந்த கனகலட்சுமி, முதலில் ஸ்டோர்ஸில்தான் சேர்ந்தாள். "இந்தப் பொண்ணு பொறுமையா செய்யுது சார், எனக்குக் குடுத்துடுங்க" என்று மேனேஜரிடம் கேட்டு அவளைத் தன் பக்கத்து மேசைக்கு மாற்றிக்கொண்டவர் எபினேசர். மண்ணூர்க்காரர். எதற்கும் சத்தமாகச் சிரிப்பவர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மீன் குழம்பில் பாதியை அவள் தட்டில் ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். படப்பை ஹாஸ்டல் சோற்றைத் தின்று அலுத்திருந்த அவளுக்கு அதுவே பெரிய விஷயம்.

சரக்கு வருவது, போவது, பில், லேபிள் என்று கம்பெனியின் எல்லாக் காரியமும் ஒரே மென்பொருளில் நடந்தது. அது கடையில் வாங்கியதல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்த மூல நிரலை எபினேசர் இறக்கி, கம்பெனிக்குத் தகுந்தபடி அங்கங்கே மாற்றி எழுதியிருந்தார். அப்படி எழுதியதை ஒவ்வொரு கணினியிலும் அதனதன் இயங்குதளத்துக்கு ஏற்ப முதலிலிருந்து கட்டி எடுக்க வேண்டும். சர்வரில் லினக்ஸ். சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சில் இருந்த பழைய கணினியில் விண்டோஸ். மேனேஜர் நம்பிராஜன் வைத்திருந்தது மேக். மூன்றிலும் அதை ஓடவைத்தவர் எபினேசர் ஒருவர்தான். எப்படிச் செய்தார் என்று கனகலட்சுமி கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

இடி விழுந்த அன்று சர்வர் அறையில் கருகல் வாடை அடித்தது. நல்ல வேளையாகக் கணக்கு விவரமெல்லாம் வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறந்து காட்டும் மென்பொருளைப் புது சர்வரிலும், அதோடு சேர்ந்து ஓடும் மற்ற இரண்டு கணினிகளிலும் மறுபடியும் கட்ட வேண்டும். அதே டிஸ்க்கில் எபினேசரின் மூல நிரலும் இருந்தது, மூன்று ஃபோல்டர்களாக. 'சரி', 'சரி புதுசு', 'இதுதான்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார். கனகலட்சுமி 'இதுதான்' என்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இதை எடுத்துப் போட்டால் முடிந்தது என்று நம்பினாள்.

'இதுதான்' லினக்ஸில் பாதி வரை போய் நின்றது. அது கேட்ட துணை நிரல் மிகப் பழையது. புது லினக்ஸ் அதை ஏற்கவில்லை, பழையதை இணையத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். 'சரி' கடைசி வரை போனது. திறந்தும் பார்த்தாள். ஆனால் எபினேசர் தன் கையால் எழுதிச் சேர்த்த லேபிள் பகுதி அதில் இல்லை. 'சரி புதுசு' தொடங்கிய இடத்திலேயே பிழை காட்டியது. டிஸ்பாட்ச் விண்டோஸில் மூன்றுமே அசையவில்லை, திரை முழுக்கச் சிவப்பு வரிகளாக ஓடியது. நம்பிராஜனின் மேக்கில் மட்டும் 'இதுதான்' முழுதாகக் கட்டி முடிந்தது. நம்பிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மென்பொருள் திறந்தது, எல்லாச் சரக்கின் பெயரும் தெரிந்தது, உடனே தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டது.

"கண்ணுல காட்டிட்டு ஒளிஞ்சுக்குதே" என்றார் நம்பிராஜன்.

அவள் இணையத்தில் தெரிந்த இடமெல்லாம் எழுதிக் கேட்டாள். ஒருவர் மட்டும் 'எந்தப் பதிப்பு?' என்று திருப்பிக் கேட்டார். எந்தப் பதிப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் அவரைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

லேபிள் இல்லாமல் சரக்கு வெளியே போக முடியாது. வாங்கும் கார் கம்பெனியின் வாசலில் ஒவ்வொரு பெட்டியின் லேபிளையும் மெஷினில் படித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். டிஸ்பாட்ச் பார்க்கும் ஜோஸ்லின் கையால் டைப் அடித்து ஒட்டி அனுப்பினாள். லோடு அப்படியே திரும்பி வந்தது.

"மெஷினு படிக்கலயாம் கனகா" என்றாள் ஜோஸ்லின். பசை ஒட்டிய விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கான்ட்ராக்ட்டு பசங்கள நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க. எங்கிட்டதான் கேக்கறாங்க, எப்போக்கா கூப்புடுவீங்கன்னு. நான் இன்னான்னு சொல்ல?"

கனகலட்சுமி மறுபடியும் 'இதுதான்' ஃபோல்டரைத் திறந்தாள்.

அன்று சாயங்காலம் நம்பிராஜன் கூப்பிட்டார். "எபினேசரைப் போய்ப் பாரும்மா. லேப்டாப்பை எடுத்துட்டுப் போ. பேச்சு வரலைன்னாலும் பரவாயில்ல, தலையாட்டினாக்கூடப் போதும். எந்த ஃபோல்டர், லேபிளை எங்க வச்சாரு, அவ்வளவுதான்."

எபினேசர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அவள் அவரைப் பார்க்கப் போகவில்லை. போக வேண்டும் என்று நினைப்பாள், தைரியம் வராது. இப்போது வேலையாகப் போகிறோமே என்று கூச்சமாக இருந்தது.

எபினேசரின் மனைவி கிரேசி கதவைத் திறந்தாள். "வாம்மா, வா. ஏங்க, யாரு வந்துகீறாங்க பாருங்க!"

"எப்படி இருக்கீய மதினி?" என்றாள் கனகலட்சுமி. அண்ணன் பொண்டாட்டியை அவள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிரேசி இதைக் கேட்டால் எப்போதும் சிரிப்பாள். இன்றும் சிரித்தாள்.

எபினேசர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"ஆமா" என்றார். "ஆமா, ஆமா."

"அந்த ஒரு வார்த்தைதாம்மா வருது" என்றாள் கிரேசி. "தண்ணி வேணும்னாலும் அதான், வேணாம்னாலும் அதான். நாம சொல்றது எல்லாம் புரியுது. வாயில வேற வர மாட்டேங்குது."

கனகலட்சுமி லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று ஃபோல்டரையும் பார்த்ததும் எபினேசர் முன்னால் குனிந்தார். கண் மாறியது. பழைய எபினேசரின் கண்.

"அண்ணே, சர்வர் போயிட்டு. திரும்பக் கட்டுதேன், வர மாட்டேங்கு. இதா அண்ணே நீங்க கடைசியாப் போட்டது?" என்று 'இதுதான்' மேல் விரல் வைத்தாள்.

"ஆமா."

"இதா?" 'சரி புதுசு'.

"ஆமா."

"அப்போ 'சரி' இல்ல, அப்படித்தானே?"

"ஆமா" என்றவர் உடனே தலையை வேகமாக ஆட்டினார், இல்லை என்பதுபோல. பிறகு ஆம் என்பதுபோல. இடது கையை நீட்டி விசைப்பலகையில் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். கிரேசி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். திரையில் ஒரே எழுத்து வரிசையாக விழுந்தது, நடுவில் ஓர் எண், மறுபடி அதே எழுத்து. எபினேசர் அதைப் படித்தார். தான் எழுதியது அதுவல்ல என்று அவருக்குத் தெரிந்தது. அழித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான் வந்தது. முகம் சிவக்க, இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினார். "ஆமா! ஆமா! ஆமா!"

அப்புறம் அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, முகத்தை மறைக்கக்கூடத் தெரியாமல்.

கனகலட்சுமி லேப்டாப்பை மூடினாள். "வேண்டாம் அண்ணே, வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னாள். பார்த்துக்கொள்ள அவளிடம் ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கிரேசி அவளை ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டாள். சாலைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"கனகா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. அந்த சாஃப்ட்வேர் அவரு இல்லாம ஓடாதுதானே?"

"ஆமா மதினி."

"அத அப்பிடியே உங்க சாருகிட்ட சொல்லு. அவரு தேறிகினு வராரு, வந்துதான் சரி பண்ணணும்னு சொல்லு. அவரு பேரு கம்பெனில இருந்தாத்தாம்மா இன்சூரன்ஸ்ல வைத்தியம் நடக்கும். வேற ஒண்ண வாங்கிப் போட்டுட்டாங்கன்னா இவர எதுக்கு வச்சிகினு இருப்பாங்க?"

இத்தனை நாள் அது ஓடினால் போதும் என்று மட்டும்தான் கனகலட்சுமி நினைத்திருந்தாள். ஓடாமல் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஜோஸ்லினின் கான்ட்ராக்ட் பையன்களை நினைத்தாள். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

மறுநாள் நம்பிராஜன் கேட்டபோது அவள் பொய் சொன்னாள். "கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது சார். இன்னொரு தடவ போனா சொல்லிருவாங்க. கொஞ்சம் டைம் குடுங்க."

நம்பிராஜன் முகம் தெளிந்தது. "அப்படியா! அப்ப நானே வரேன். எனக்கும் அவரைப் பார்க்கணும். இன்னிக்கே போகலாம்."

அவள் கிரேசிக்கு போன் செய்து சொன்னாள். கிரேசி, "சரி, வாங்க" என்றாள்.

அவர்கள் போனபோது எபினேசருக்குக் கம்பெனி யூனிஃபார்ம் சட்டை போட்டுவிட்டிருந்தாள் கிரேசி. முகம் மழித்து, பவுடர் பூசி, தலை வாரியிருந்தது. அடையாள அட்டைகூடக் கழுத்தில் தொங்கியது. நம்பிராஜனைப் பார்த்ததும் எபினேசர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க. கனகா சொன்னா, நல்லா தேறிட்டீங்களாமே" என்றார் நம்பிராஜன். "அந்த லேபிள் பகுதியை மட்டும் எங்க வச்சீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"ஆமா."

"எங்க?"

"ஆமா."

நம்பிராஜன் திரும்பிக் கனகலட்சுமியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கிரேசி குறுக்கே புகுந்து, "காலைல நல்லா பேசினாரு சார், இப்போ புது ஆளுங்கள பாத்தா கொஞ்சம்..." என்றாள். எபினேசர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு முழுதாகப் புரிந்திருந்தது. சட்டை பட்டனை இடது கையால் தடவிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

நம்பிராஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கண் கலங்கியது. "உடம்பைப் பாருங்க எபினேசர். வேலையெல்லாம் அப்புறம்" என்றார். கிரேசி கொண்டுவந்த காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

திரும்பும்போது காரில், லாரிகள் நெரிந்து நின்ற இடத்தில் நம்பிராஜன் சொன்னார்: "நீ எங்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. காலைலயே நான் வேற ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சிருப்பேன்."

"சாரி சார்."

"உன்னத் திட்டலை. நான் என்ன செய்யட்டும், சொல்லு. நீயே சொல்லு."



அந்த வாரமே வெளியிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை கொடுத்தார்கள். கட்டுவது, நிறுவுவது என்று எதுவும் கிடையாது. எந்தக் கணினியாக இருந்தாலும் பிரவுசரைத் திறந்து உள்ளே போக வேண்டியதுதான். டிஸ்பாட்ச் பையன்களில் சிலரை ஜோஸ்லின் கூப்பிட்டாள். மற்றவர்கள் அதற்குள் ஒரகடத்தில் வேறு இடம் பார்த்துப் போயிருந்தார்கள். எபினேசரின் பெயரைக் கம்பெனியில் அந்த ஆண்டு முடியும் வரை வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றும் நம்பிராஜன் கிரேசியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கிரேசி வல்லம் பக்கத்தில் ஒரு கேன்டீனில் காலை ஷிப்ட்டுக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ஜோஸ்லின் பிறகு சொன்னாள். வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டம்மா எபினேசரைப் பார்த்துக்கொள்கிறாளாம்.

புது மென்பொருளைக் கற்றுக்கொடுக்க வந்தவன் சுறுசுறுப்பான இளைஞன். பழைய விவரங்களைப் புதிதில் ஏற்றுவதற்காக, டிஸ்க்கில் எபினேசர் அவற்றை அமைத்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஓர் இடத்தில் மேலே நகர முடியாமல் நின்றான்.

"இதை யார் மேடம் பண்ணது?"

"எபினேசர்னு ஒரு அண்ணன்."

"அவர் நம்பர் இருந்தா குடுங்களேன். ரெண்டு நிமிஷம் பேசினா முடிஞ்சுடும்."

"அவுக பேச மாட்டாங்க" என்றாள் கனகலட்சுமி.

அவன் சிரித்தான். "எல்லாக் கம்பெனியிலயும் இதே கதைதான் மேடம். வேலையை விட்டுப் போனவங்க யாரும் போனை எடுக்க மாட்டாங்க."

அப்படியில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவன் அதற்குள் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டான். விட்டுப்போன சரக்குப் பெயர்களை அவன் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.