மொட்டை மாடியில் நீர்மட்டம்

எங்கள் குடியிருப்புக்கு ஹில்வியூ என்று பெயர். கம்பத்தில் பன்னிரண்டு வீடுகளும் ஒரே ஒரு மாடிப்படியும் உள்ள கட்டடம். எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் எதிரே உள்ள தேங்காய் மண்டியின் தகரக் கூரைதான் தெரியும். மலை பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். அந்த மொட்டை மாடிதான் 2007 ஆடிச் சாரலில் ஒழுக ஆரம்பித்தது.

ஒழுகுகிறது என்று சொன்னவள் மூன்றாம் மாடி சாஜிதா ஒருத்திதான். அவள் படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் மேலே, தேநீர் கொட்டிய மாதிரி ஒரு கறை விழுந்து நாளுக்கு நாள் அகன்றுகொண்டிருந்தது. அவள் கணவன் நௌஷாத் சவுதியில் லாரி ஓட்டுகிறவன். மூன்று வருடம் கழித்து விடுமுறையில் வரப் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்த வீட்டை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். போனில் அவன் "வீடு எப்படி இருக்கு" என்று கேட்கும்போதெல்லாம் சாஜிதா அண்ணாந்து பார்த்தபடியே "நல்லா இருக்கு" என்று சொல்லிவந்தாள். அவன் வந்து படுப்பதற்குள் அந்தச் சொல்லை உண்மையாக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் முத்துக்கருப்பன் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஓவர்சியர். மாடித் தரையில் தட்டோடு என்கிற செங்கல் ஓடு பதித்த பதினேழு நாளும் குடை பிடித்து நின்று மேற்பார்வை செய்தவர். ஆகவே மாடி ஒழுகுகிறது என்பதை அவர் தன் பிறப்பைப் பற்றிய சந்தேகமாக எடுத்துக்கொண்டார்.

"அது ஒழுகல் இல்ல தாயி. ஈரம். கான்கிரீட் மூச்சு விடும்."

"மூச்சு விட்டா விட்டுட்டுப் போகுது சார். எங்க வீட்டுல அதுக்குச் சளி பிடிச்சிருக்கு."

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் அறிவியல் முறைப்படி ஒரு சோதனையை முன்மொழிந்தார். மழைநீர் இறங்கும் வாயை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் தேக்க வேண்டும். மூன்று நாள் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் ஒழுகல்; இறங்காவிட்டால் பொய். வாய் அடைக்கும் பொறுப்பு கீழ்வீட்டுச் சுருளியாண்டிக்குப் போனது. உத்தமபாளையம் பக்கம் இரண்டு போகம் நெல் விளைவிக்கிறவர். வயலில் இருந்து களிமண் கொண்டுவந்து, கோணிச்சாக்கைத் திணித்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, காலால் மிதித்துக் கெட்டித்து, அசல் மடையாகவே செய்துவிட்டார். மோட்டார் ஒரு பகல் முழுக்க ஓடியது. நான்கு அங்குலம் நின்றது.

தலைவர் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார். காலை ஏழு மணிக்கு மூக்குக்கண்ணாடியோடு குனிந்து பார்ப்பார். பிறகு மாடிப்படி அறிவிப்புப் பலகையில், அணை நிலவரம் எழுதுகிற தோரணையில் எழுதுவார்: இன்றைய நீர்மட்டம் நான்கு அங்குலம். மாற்றமில்லை.

மாற்றமில்லாததற்குக் காரணம் இருந்தது. கூடலூர்ப் பக்கமிருந்து சாரல் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சாஜிதாவின் கட்டில் மேல் இறங்கிய அளவுக்கு வானம் மேலே ஊற்றிக் கொடுத்தது. சாரல் மாதத்தில் நீர்மட்டச் சோதனை வைக்கிற யோசனை எங்கள் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் எவருக்கும் தோன்றியிருக்காது.

மூன்று நாள் முடிந்தது. யாரும் மடையைத் திறக்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் மலை இறங்கி வந்து எங்கள் மாடியில் படுத்துக்கொண்டது. விடியலில் மேற்கு மலை முழுவதும் தலைகீழாக அந்தத் தண்ணீரில் கிடந்தது. அதன் மேல் மேகம் ஊர்ந்தது. மேலே பார்த்தால் ஒரு மேகம், கீழே பார்த்தால் அதே மேகம். நடுவில் கொடிக்கயிற்றில் யாருடைய பாவாடையோ காற்றில் நடந்தது. நான்காம் நாள் இரண்டு கொக்குகள் வந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் போல மூலைக்கு மூலை நின்று பார்த்தன. இரண்டாம் மாடிப் பொன்னாத்தாள் படிக்கட்டு முகப்பில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டவள் இட்லிக்கு அரைப்பதை மறந்தாள். ஸ்கூட்டர் நிறுத்துகிற தகராறில் ஒரு வருடமாகப் பேசாதிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போதும் பேசாமல், ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினோம். சங்கம் தொடங்கிய நாளில் இருந்து அப்படி நடந்ததில்லை.

கீழே ஒரு வீட்டில் மட்டும் சொட்டுச் சத்தம். சாஜிதா கட்டிலை நகர்த்திவிட்டு அண்டா வைத்திருந்தாள்.

ஏழாம் நாள் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, நேராக மடைக்கு நடந்தாள். பீடி குடித்துக்கொண்டிருந்த சுருளியாண்டி எழுந்து குறுக்கே நின்றார்.

"கைய வைக்காத ஆத்தா. அடுத்தவுக மடையத் திறக்கப்பிடாது. இதுக்கு எங்க பக்கம் வெட்டுக்குத்தே ஆகியிருக்கு."

"இது வயலு இல்ல மாமா. எங்க வீட்டு மேக்கூரை."

"தண்ணி நின்டா அது வயலுதேன். தலைவர் கட்டச் சொன்னாக, நா கட்டுனேன். அவுக திறக்கச் சொல்லணும்."

"அவுக சொல்ல மாட்டாகளே."

"அப்பச் சொல்ல வை."

அவள் தலைவர் வீட்டுக்குப் போனாள். மேலிருந்து வருவதும் கீழே போவதும் சரிக்குச் சரியாகிறது என்று விளக்கினாள். கேட்டு முடித்துவிட்டு, "ஆராய்ச்சிய நடுவுல நிறுத்துறது ஆராய்ச்சிக்குச் செய்யிற துரோகம்" என்றார் அவர்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நீர்மட்டம் எழுதப் போன தலைவர், பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்ததைப் பார்த்தார். சாஜிதாவின் கையெழுத்து. ஹில்வியூ நீர் திறப்பு விழா. ஞாயிறு காலை பத்து மணி. மலர் தூவி மடையைத் திறந்துவைப்பவர்: சங்கத் தலைவர் உயர்திரு முத்துக்கருப்பன் அவர்கள்.

அணையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது அமைச்சர்கள் பூத் தூவ, முப்பது வருடம் பின்வரிசையில் நின்று, அவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளுக்குக் காவல் இருந்தவர் அவர். பலகையை மூன்று முறை படித்தார். பிறகு மேலே வந்து சாஜிதா வீட்டு மணியை அடித்தார்.

"ஆராய்ச்சி எப்படியும் ஞாயித்துக்கிழமையோட முடியுது. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"தெரியும் சார். அதான் எழுதிப்போட்டேன்."

"மாலை உண்டுமா?"

"ரெண்டு."

ஞாயிறு காலை சாரல் கூட மரியாதைக்கு நின்றிருந்தது. கஞ்சி போட்ட வேட்டி சட்டையில், தட்டு நிறையச் செவ்வந்தியோடு தலைவர் தண்ணீரில் இறங்கினார். விவசாயப் பெருங்குடி மக்களே என்று தொடங்கிவிட்டு, எதிரே முன்வரிசையில் நிற்பவர்கள் இரண்டு வாத்தியார்களும் ஒரு மருந்துக் கடைக்காரரும் என்பது நினைவுக்கு வந்து கொஞ்சம் திணறினார். பூவைத் தூவினார். பூக்கள் மலையின் உச்சியிலும் மேகத்தின் முதுகிலும் விழுந்து மெதுவாகச் சுழன்றன.

பிறகு குனிந்து சாக்கைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சுருளியாண்டி கட்டிய மடை. இரண்டு கையாலும் இழுத்தார். அது சட்டென்று வந்தது. தலைவர் உட்கார்ந்துவிட்டார், இடுப்பளவு ஈரத்தில், கழுத்தில் இரண்டு மாலையோடு. யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் தண்ணீர் மேலேயே இருந்தது. மலை முதலில் நடுங்கியது. பிறகு நீண்டது. பிறகு செவ்வந்திகளோடு வரிசையாக மூலைக்கு நடந்து, குழாய்க்குள் இறங்கிப் போனது. பொன்னாத்தாள் மூக்கைச் சிந்தினாள்.

வற்றிய தரை முழுக்க, களிமண் கரைந்து மெல்லிய வண்டலாகப் படிந்திருந்தது, ஒரு இடம் தவிர. மேற்குச் சுவரில் இருந்து நடுமாடி வரைக்கும் ஒரு கோடு, வண்டலையெல்லாம் உள்ளே குடித்துவிட்டு, சுத்தமாகத் திறந்து கிடந்தது.

"அங்கன பாருங்க," என்றார் சுருளியாண்டி. "தட்டோட்டுச் சந்து. அம்புட்டுத் தண்ணியும் இதுலதேன் போயிருக்கு."

தலைவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்தார். மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"சோதனை முழு வெற்றி," என்றார்.

மறுநாளே கொத்தனார் வந்து அந்த இடுக்கை அடைத்துப் பூசினார். வெள்ளையடிக்க நாள் போதவில்லை. கறை காய்ந்து அங்கேயே இருந்தது. நௌஷாத் வந்தான். வந்த அன்று மத்தியானம் வரைக்கும் கட்டடம் முழுவதும் அவன் வீட்டுக்கு வந்து குளத்தைப் பற்றியே சொல்லிவிட்டுப் போனது. கொக்கு, மேகம், தலைகீழ் மலை எல்லாவற்றையும் அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

எல்லோரும் போன பிறகு, பழைய இடத்துக்கே திரும்பியிருந்த கட்டிலில் மல்லாந்து படுத்தான். சாஜிதா நேர் மேலே இருந்த கறையைக் காட்டினாள்.

"ஒழுகுச்சு," என்றாள். "போன்ல பொய் சொன்னேன்."

"இன்னும் நாலு நாள் விட்டிருக்கலாம்ல புள்ள," என்றான் அவன். "மூணு வருசமா மணலையே பாத்துட்டு வாரேன்."

அவள் அவனை முறைத்தாள். பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மேலே சாரல் விழ ஆரம்பித்தது. இருவரும் கறையையே பார்த்துக் காத்திருந்தார்கள். வெகுநேரம் ஆனது.

"விழலயே," என்றான் நௌஷாத், கொஞ்சம் ஏமாற்றமாக.